மணப்பாட்டுக் கரையிற் சவேரியார்

திருநெல்வேலிச் சீமையின் சிறப்பைக் கூறப் புகுவோர் பொதிகை மலையையும், அதிற் பிறந்து வரும் தாமிரபரணியையும், அந்நதியின் இரு கரையிலும் விளையும் நெல்லையும் வியந்து கூறுதல் வழக்கம். அந்நதி சென்று சேரும் கடலைக் குறித்துப் பேசுவோர் சிலரே. முத்தும் சங்கும் அளித்து, கொற்கை, காயல் என்னும் பெருந்துறைகளைப் பண்டு வளர்த்த அக்கடலே, வந்த கலங்களை உடைத்தும் வழிமறித்தும் மக்களை வருத்தியதும் உண்டு. அக்கரையில் ஏறக்குறைய இரண்டாண்டுக் காலம் உழைத்து, பின்னர் உலகமெங்கும் பேர்பெற்ற பெரியார் ஒருவரின் வரலாற்றை அக்கடலோடு இணைத்து இங்குச் சுருங்கக் கூற விரும்புகின்றோம். அவர்தாம் புனித பிரான்சிஸ் சவேரியார். அவர் பெயரை அறியாத மாணவர் நம்முள் இல்லை. ஆயினும், அவர் புறப்பட்டு, போய்ச்சேர மாட்டாமல் திரும்பிய ஒரு கடற்பயணத்தை அறிந்தோர் மிகக் குறைவு. அத்தோல்வியே அவருடைய பெருமையை நமக்கு நன்கு விளக்குவதென்பது நம் கருத்து.

முதலில் அக்கடலின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். இராமேசுவரம் முதற் குமரிமுனை வரையுள்ள கரைக்கு முத்துக்குளித்துறை என்பது பழம்பெயர். இக்கடலின் அடியில் ஆங்காங்கு மறைந்து கிடக்கும் பாறைத் திட்டுகளைப் பரதவர் ‘பார்’ என்பர். முத்துச்சிப்பி ஒட்டி வளர்வது அப்பார்களில்தான். வழி தவறிய கலத்தின் அடிமரம் பிளப்பதும் அவைபோன்ற பாறைகளில்தான். தூத்துக்குடியை அடுத்துள்ள வான்தீவு, காசுவாரித்தீவு முதலியன பவளப்பாறையின்மேல் மணல் படிந்து உண்டானவை. அவற்றிற் குடிநீர் கிடையாது. தாமிரபரணி கொணரும் வண்டலோ ஆண்டுதோறும் முகத்துவாரத்தைத் தூர்த்துக்கொண்டே வந்தது. ஒரு காலத்திற் கடல்துறையாய் விளங்கிய கொற்கை இன்று கடலுக்குச் சில மைல் உள்ளே வயல்களின் நடுவில் இருக்கின்றது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ கண்டு வியந்த காயலும் அவ்வாறே கரையேறிவிட்டது. ஆகவே, பெருங்கலங்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் ஆளும் தோணிகளில் ஏறி இறங்க நேர்ந்தது. காற்று மாறினால் ஒதுங்க இடமில்லை.

திருச்செந்தூருக்குத் தெற்கே இக்கரையில் ஒரு மணற்குன்று கடலுக்குள் நீண்டு நிற்கின்றது. அதுவே மணப்பாடு. இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. அக்குன்றின்மேல் ஏறி நிற்போர் ஒரு புறம் அமைதியான உப்பங்கழியையும், மறுபுறம் பாறைகளில் மோதி நுரைக்கும் அலைகளையும் ஒருங்கே காணலாம். குன்றின் உச்சியிற் கலங்கரை விளக்கம் ஒன்று இருப்பதே, அவ்விடத்துக் கடல் மாலுமிகளுக்கு எத்தகையது என்பதற்குச் சான்றாகும். சவேரியார் வருகைக்கு இரண்டாண்டு முன்னர், அதாவது 1540-ஆம் ஆண்டில், போர்த்துகேயக் கலம் ஒன்று பெரும்புயலில் அகப்பட்டு, பாய் கிழிந்து, பாய்மரம் முறிந்து அலைந்ததாக அவ்வூரார் வழிவழியாகக் கூறுவர். உயிர் பிழைத்தால் முறிந்த மரத்தாற் சிலுவை செய்து, கரை சேரும் இடத்தில் நாட்டுவதாகக் கலத்தலைவன் நேர்ந்துகொண்டான் என்பதும், மணப்பாட்டில் ஒதுங்கிய அவன் அவ்வாறே செய்தான் என்பதும் அவ்வரலாறு. அது செவிவழிச் செய்தியே எனினும், அக்குன்றின்மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவைக் கோவில் இன்றும் நிற்கின்றது. உடைந்த கலமொன்றின் நினைவையே ஓர் ஊர் தன் தலைமேல் வைத்துப் போற்றுகின்றதென்றால், அக்கடலை அவ்வூரார் எவ்வளவு நன்கு அறிந்திருத்தல் வேண்டும்!

இனி, சவேரியாரின் வரலாற்றிற்கு வருவோம். அவர் 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7-ஆம் தேதி, ஸ்பெயின் தேசத்தின் வடபாலுள்ள நவார் நாட்டில், சவியேர் என்னும் கோட்டையிற் பிறந்தார். உயர்குடியிற் பிறந்தும், போரினால் அவர் குடும்பம் நிலைகுலைந்தது. இளமையிற் பாரிஸ் மாநகரம் சென்று கலைகள் பயின்று, பட்டம் பெற்று, அங்கேயே ஒரு கல்லூரியில் தத்துவ ஆசிரியராகவும் அமர்ந்தார். கல்வியால் வரும் புகழையும் பதவியையும் அவர் உள்ளம் நாடியிருந்த காலம் அது. அப்போது உடன் தங்கிப் பயின்ற இஞ்ஞாசியாரின் நட்பு அவர் வாழ்க்கையை மாற்றியது. 1534-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ஆம் தேதி, நண்பர் எழுவர் பாரிஸ் நகரத்து மோன்மார்த்தர் குன்றிற் செய்த விரதமே பின்னர்ச் சேசு சபையாக உருப்பெற்றது. அவ்வெழுவருள் சவேரியாரும் ஒருவர்.

போர்த்துகல் அரசரின் வேண்டுகோளுக்கிணங்க அவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். 1541-ஆம் ஆண்டு, தமக்கு 35 வயது நிரம்பிய அந்நாளிலேயே லிஸ்பன் துறைமுகத்தில் கலமேறினார். ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றி, மொசாம்பிக்கில் மாதக்கணக்காகத் தங்கி, ஓராண்டு கடந்து 1542 மே மாதம் 6-ஆம் தேதி கோவா வந்து சேர்ந்தார். வழியெல்லாம் நோயுற்றோர்க்குப் பணிவிடை செய்வதே அவர் வேலையாயிற்று. கோவாவிற் சில மாதங்களே தங்கினார். அவ்வாண்டின் இறுதிக்குள் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார்.

அக்கரையில் வாழ்ந்த பரதவர் கடலில் மூழ்கி முத்தெடுப்பதில் வல்லவர். முத்துக்குளிப்பின் உரிமை குறித்து எழுந்த பகையில் நலிந்த அவர்கள், போர்த்துகேயரின் துணையை வேண்டி, 1536, 1537-ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். ஆயினும் அவர்களுக்குப் போதிப்பார் எவரும் இல்லை. பரதவர் பேசுவது தமிழ். சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. அவர் என் செய்தார்? இருமொழியும் ஓரளவு அறிந்தோரைத் தேடிக் கூட்டி, மந்திரங்களை மிகுந்த பாடுபட்டுத் தமிழாக்கி, அவற்றை நெட்டுருச் செய்தார். பின்னர்க் கையிற் சிறுமணி ஒன்றை ஏந்தி, தெருத்தெருவாய் அடித்துக்கொண்டு சென்று, சிறுவரை அழைத்துக் கற்பித்தார். பாரிஸ் நகரிற் பட்டம் பெற்றோர்க்குத் தத்துவம் போதித்தவர், மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் மீனவச் சிறுவர் நடுவில் எழுத்தறியாதவர்போல நின்று, ஒவ்வொரு சொல்லாய் உச்சரித்துப் பழகினார். ஐரோப்பியப் பல்கலைக் கழகங்களுக்குச் சென்று, கல்வியைத் தம் நலத்திற்கே பயன்படுத்துவோரை நோக்கிப் பித்தனைப்போல் உரக்கக் கூவ வேண்டுமென்று தமக்குத் தோன்றுவதாக, 1544-இன் தொடக்கத்திற் கொச்சியிலிருந்து அவர் எழுதியதைக் கல்லூரி மாணவராகிய நாம் நினைவிற் கொள்ளத் தகும்.

மணப்பாட்டுக் குன்றின் அடியில், கடலைப் பார்த்தவண்ணம் குகை ஒன்று உண்டு. முன்னர்ச் சைவத் துறவி ஒருவர் தவஞ்செய்த இடமென்று கூறப்படும் அக்குகையிற் சவேரியாரும் தங்கிச் செபித்தாரென்பர். அவரைக் குறித்து அக்கரையில் வழங்கும் கதைகள் பல. கடல் அவர் சொற்கேட்டு அடங்கியதென்றும், நண்டொன்று அவர் இழந்த சிலுவையைக் கொணர்ந்து கொடுத்ததென்றும் சொல்வர். அன்பு மிகுந்த மக்கள் வாயில் இத்தகைய கதைகள் பிறப்பது இயல்பு. ஆனால், அவரே தம் கைப்பட எழுதிய கடிதங்களைப் படித்தால், கடல் அவர் சொற்கேட்டதாக அறிகிலோம். அவரைத் திருப்பியனுப்பியதாகவே அறிகின்றோம்.

நடந்தது 1544-ஆம் ஆண்டு ஜூன் மாதம். வடுகர் படையொன்று குதிரைகளின்மேல் திடீரெனத் தென்கரையிற் பாய்ந்தது. குமரிமுனையை அடுத்த ஊர்களிலிருந்த பரதவர் எதிர்த்து நிற்கும் வலியற்றவர். சிலர் சிறைப்பட்டனர், எஞ்சியோர் கடலை நோக்கி ஓடினர். குதிரை நீரில் வாராது என்பதொன்றே அவர்களுக்கு இருந்த நம்பிக்கை. முனைக்கு எதிரே கடலிலுள்ள பாறைகளில் ஏறி ஒதுங்கினர். விவேகானந்தர் மண்டபமும் திருவள்ளுவர் சிலையும் இன்று நிற்கும் அக்கடலை நம்மவருட் பலர் உல்லாசமாகக் கண்டு வந்திருப்பர். அங்கே பாறை உண்டு. நிழல் இல்லை, உணவு இல்லை, குடிக்க ஒரு துளி நீரும் இல்லை. கரையிற் பகைவர், சுற்றிலும் உப்புநீர். பசியாலும் தாகத்தாலும் அங்கேயே மடிந்தோர் உண்டு.

செய்தி சவேரியாருக்கு எட்டியது. அவர் சிறிதும் தாமதியாமல் 20 தோணிகளைத் திரட்டினார். உணவுப் பொருள்களை ஏற்றினார். தாமும் உடன் ஏறிக் குமரியை நோக்கிப் புறப்பட்டார். மணப்பாட்டிலிருந்து குமரிமுனை தென்மேற்கே ஏறக்குறைய 40 மைல். நல்ல காற்று வாய்த்தால் அஃதொரு தொலைவன்று. ஆனால் ஜூன் மாதத்தில் அக்கரையில் வீசுவது மேல்காற்று. அதனைக் கச்சான் என்பர். மலைத்தொடரின் தென்கோடியில், ஆரல்வாய்மொழிக் கணவாய் என்னும் இடைவெளியில் நுழைந்து, நெருக்குண்டு, பன்மடங்கு வேகங்கொண்டு அது கிழக்கே பாய்கின்றது. அவ்விடத்தை அடுத்த முப்பந்தலில் இக்காலத்து நூற்றுக்கணக்கான காற்றாலைகளைச் சுழற்றுவதும் தேரிக்காட்டுச் செம்மணலை மலைமலையாய்க் குவிப்பதும் அக்காற்றே. சவேரியாரின் தோணிகள் செல்லவேண்டிய திசையோ, காற்று வரும் திசைக்கு நேர் எதிர்.

எதிர்காற்றிற் பாய் விரித்துப் பயனில்லை. துடுப்பு வலித்துப் பார்த்தனர்; தோணிகள் முன்செல்லவில்லை. கயிறு கட்டி இழுத்துப் பார்த்தனர், அதுவும் பலிக்கவில்லை. பாறைகளின்மேல் மக்கள் தாகத்தால் வாடுகின்றனர் என்பதை அறிந்தும், உணவேற்றிய 20 தோணிகள் நடுவழியில் அலைப்புண்டு கிடந்தன. கடைசியிற் குமரி சேராமலே திரும்ப நேர்ந்தது. காற்றுத் தணிந்தால் மறுபடி புறப்படுவதாகத் தம் தோழராகிய மான்சிலாஸ் என்பவருக்கு ஜூன் மாதம் 30-ஆம் தேதி மணப்பாட்டிலிருந்து எழுதினார். அக்கடிதத்தில் தம்மை உயர்த்தும் சொல் ஒன்றேனும் இல்லை. தோல்வியை மறைக்கும் சொல்லும் இல்லை. எதிர்காற்று, துடுப்பு, கயிறு, திரும்பி வந்தமை ஆகிய இவ்வளவே உள்ளன.

கடல் வழி விடவில்லை என்று கண்டபின் அவர் கரைவழியே கால்நடையாகப் புறப்பட்டார். ஆடிக்காற்று மணலை வாரி முகத்தில் இறைக்கும் பருவம். பகைவர் குதிரைகள் திரிந்துகொண்டிருந்த பாதை. குமரிப் புறம் சென்று அவர் கண்ட காட்சியை ஆகஸ்டு முதல் தேதி எழுதிய கடிதம் தெரிவிக்கின்றது. வடுகரிடமிருந்து தப்பி வந்துகொண்டிருந்த மக்களுட் சிலருக்கு உண்ண ஒன்றுமில்லை. முதியோர் நடக்கமாட்டாது பின்தங்கினர். இறந்தவர் சிலர். நடுவழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மாரும் உளர். இவற்றைக் கண்டு உருகிய அவர், ஏழைகளை மணப்பாட்டிற்கு வரவழைத்து, பொருளுள்ளோர் அவர்கள்பால் மனமிரங்க வேண்டுமென்று வேண்டினார். அவர் கொண்டுசென்ற உணவு உரிய காலத்தில் அவர்களைச் சேரவில்லை. அதனால் இறந்தோரை அவர் மீட்கவுமில்லை. ஆயினும், போகமுடியவில்லை என்னும் காரணத்தைச் சொல்லி அவர் கரையில் அமர்ந்துவிடவில்லை. அவர் செயலில் நாம் போற்றுவது அதனையே.

அவ்வாண்டின் இடர் அத்துடன் முடிந்ததன்று. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களிற் கலகம் வடக்கே பரவித் தூத்துக்குடியையும் எட்டியது. அங்கிருந்த போர்த்துகேயத் தலைவர் கோஸ்மே தெ பாய்வா என்பவர், பரதவர்க்குப் பல தீங்குகள் இழைத்தவர்; அதனாற் சவேரியாரின் கண்டனத்திற்குப் பன்முறை ஆளானவர். அவருடைய கலமும் வீடும் எரிக்கப்பட்டன. அவர் தம்மவருடன் நீரற்ற தீவுகளிற் போய் ஒதுங்கினார். செப்டம்பர் 5-ஆம் தேதி, திருச்செந்தூரை அடுத்த ஆலந்தலையிலிருந்த சவேரியாருக்கு இச்செய்தி வந்தது. தீயோன் தன் வினைப்பயனை நுகர்கின்றான் என்று வாளாவிருத்தல் எளிது. அவரோ அன்றே மான்சிலாசுக்குக் கடிதம் விடுத்து, கொம்புத்துறையிலும் புன்னைக்காயலிலும் உள்ள தோணிகளைக் கூட்டி, உணவும் முக்கியமாகத் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு விரைந்து சென்று உதவுமாறு பணித்தார். ஊர்ப் பட்டங்கட்டிகளும் இதற்குத் துணைபுரிய வேண்டுமென்று ஏவினார். தாமிரபரணி கடலொடு கலக்கும் புன்னைக்காயற் கரையில், தங்களை வருத்தியவனுக்காகவும் பரதவர் தோணியில் தண்ணீர் ஏற்றவேண்டுமென்று அவர் கேட்டுக்கொண்டதை எண்ணுந்தோறும் நமக்கு வியப்புண்டாகின்றது. கடலில் தவிப்பவன் நல்லவனா தீயவனா என்று கரையிலுள்ளோர் ஆராய்ந்து நிற்றல் கூடாதென்பது கடலோர மக்கள் அறிந்த அறம். பாரிஸ் நகரத்து ஆசிரியர் அவ்வறத்தை அவர்கள் நடுவில் வாழ்ந்து தமதாக்கிக் கொண்டார் போலும்.

அவ்வாண்டின் இறுதியில் அவர் திருவிதாங்கூர்க் கரைக்குச் சென்றார். 1545-இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாப்பூருக்குக் கலமேறினார். அங்கும் எதிர்காற்றுத் திருப்பியனுப்பவே, பின்னர்க் கால்நடையாகவே சென்றடைந்தார். அதன்பின் மலாக்கா, மலுக்குத் தீவுகள் முதலிய தூரதேசங்களிற் சுற்றினார். 1548-இன் தொடக்கத்தில் மலாக்காவிலிருந்து கொச்சிக்குத் திரும்புகையில், மூன்று பகலும் மூன்று இரவும் ஓயாது வீசிய புயலில் அவருடைய கலம் அகப்பட்டது. சரக்குகளைக் கடலில் எறிந்தனர். உயிர் பிழைத்தால் இனிக் கடலேறுவதில்லை என்று உடன்வந்தோர் அழுது புலம்பினர். உயிர் தப்பிக் கரையேறிய அவர், ஒரு மாதத்திற்குள் மீண்டும் மணப்பாட்டிற்கு வந்து, அக்கரையிற் பணிபுரிந்த குருமாரைக் கூட்டி, அவர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறைகளை எழுதிக் கொடுத்தார். அவருடைய ஏவலைத் தலைமேற்கொண்டு தமிழை முறையாகக் கற்றவரே அண்ட்ரிக் அடிகளார். மேனாட்டார்க்குத் தமிழிலக்கணம் வகுத்தவரும், 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்னும் தமிழ் நூலைத் தந்தவரும் அவரே. இந்திய மொழிகளுள் முதன்முதல் அச்சேறிய பெருமை தமிழுக்கு வாய்த்ததற்கு, முத்துக்குளித்துறையில் தமிழ் தெரியாது தவித்த ஒருவரின் குறையும் ஒரு காரணமென்று கூறின் மிகையாகாது.

சவேரியார் 1549-இல் ஜப்பான் தேசம் சேர்ந்து இரண்டாண்டிற்கு மேல் உழைத்தார். பின்னர்ச் சீனம் செல்ல விழைந்தார். அந்நாட்டிற் பிறர் நுழைதல் தடுக்கப்பட்டிருந்தது. கரைக்கு எதிரே சான்சியான் என்னும் சிறு தீவில் இறங்கி, தம்மை மறைவாக ஏற்றிச் செல்வதாக வாக்களித்த வணிகனின் தோணிக்காகக் காத்திருந்தார். தோணி வரவில்லை, காய்ச்சல் வந்தது. 1552-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3-ஆம் தேதி, கண்ணுக்குத் தெரியும் கரையை மிதியாமலே, ஒரு குடிசையில் அவர் உயிர் நீத்தார். வயது 46. அவர் உடல் பின்னர்க் கோவாவிற்குக் கொணரப்பட்டு, இன்றும் அங்குள்ளது. 1622-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

ஆயிரக்கணக்கான மைல் கடலைக் கடந்தவர் என்று உலகம் அவரைப் புகழ்கின்றது. அது தகும். ஆயினும், 40 மைல் கடலைக் கடக்க முடியாது போன அந்த ஜூன் மாதத்தையே நாம் அடிக்கடி நினைக்கின்றோம். அக்கடல் இன்றும் மாறவில்லை. குமரிப் பாறைக்குச் செல்லும் படகுகள் காற்று மிகுந்த நாட்களில் இன்றும் நிறுத்தப்படுகின்றன. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலிற் சென்ற தென்கரை மீனவர் பலர் கரை திரும்பவில்லை. அவர்களுக்காகக் கடலை நோக்கி நின்ற குடும்பங்களின் துயரத்தை நாம் அனைவரும் அறிவோம். கருவிகள் பெருகியும், கரையில் நிற்போர்க்கும் கடலில் தவிப்போர்க்கும் இடையே உள்ள அவ்விடைவெளி முற்றும் மறைந்துவிடவில்லை.

மாணவ நண்பர்களே! நம் வாழ்விலும், உதவப் புறப்பட்டு எதிர்காற்றில் அகப்படும் நாட்கள் உண்டு. துடுப்பும் பயன்படாது, கயிறும் பயன்படாது. அத்தகைய வேளையில், நம்மால் இயன்றதைச் செய்தோம் என்று மனம் அமைதல் எளிது. உலகமும் அதனைக் குறைகூறாது. மணப்பாட்டுக் கரையில் தோணியை விட்டிறங்கி, மணலில் நடக்கத் தொடங்கிய அப்பெரியாரை அப்போது நினைத்துக்கொள்வோமாக. காலங்கடந்து சேரினும், சேர்ந்த இடத்திற் பசித்தோர் இருப்பர். அவர்களுக்கு நம் வரவு வேண்டியதாகவே இருக்கும்.